வகுப்பின் முதல் நாள்

தாராபுரத்தில் ஆற்றுப்பாலம் கட்டத் தொடங்கிய சர்க்கார், கூடவே கொத்து வேலை கற்றுத்தர ஒரு வகுப்பையும் திறந்தது. முதல் நாள் காலை, மாசாணத்துக்குச் சோறு இறங்கவில்லை.

“உண்ணுங்க, நேரமாவுதுங்க,” என்றாள் மனைவி பழனியாத்தாள்.

“பயமா இருக்குது புள்ள. சின்ன வயசுல பள்ளிக்கூடத்து வாசல்லயே என்னைத் தொரத்திப்போட்டாங்க.”

“இப்ப சர்க்காரே கூப்புட்டிருக்குதுங்க.”

“பண்ணாடி மகன் பாலுசாமியும் வாராராம். அவர் காட்டுல கூலிக்குப் போனவன் நான். ஒரே கூரைக்கடியில எப்படி இருப்பேன்?”

“அவரும் தொழில் வேணும்னுதானுங்க வாராரு. தைரியமாப் போங்க.”

மாசாணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

கொட்டகைக்குள் இளைஞர்கள் புதுக் கரணைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவன் தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்ததும், முன்வரிசையிலிருந்த பாலுசாமி சட்டென்று எழுந்தான். மற்றவர்களும் எழுந்தார்கள்.

“கும்படறனுங்க, வாத்தியாரே,” என்றான் பாலுசாமி.

மேட்டூர் அணையில் மாசாணம் கல் கட்டிய நேர்த்தியைப் பார்த்திருந்த எஞ்சினியர்தான், இந்த வகுப்புக்கு அவனை ஆசிரியராகப் போட்டிருந்தார்.

‘உக்காருங்க சின்னப்பண்ணாடி’ என்று சொல்ல வாயெடுத்தவன், ஒரு கணம் நின்றான்.

“உக்காருங்க தம்பி,” என்றான்.