கொடியில் காயும் பட்டை

அந்த வீட்டுக்கு மதிலும் இல்லை, கேட்டும் இல்லை. ஆனால் செம்பருத்திச் செடியைத் தாண்டினால் வளர்ப்பு நாய் டைகரின் மின்சாரக் கழுத்துப்பட்டை 'பீப்' என்று கத்தும். இன்னும் ஓரடி வைத்தால் ஷாக் அடிக்கும்.

அன்று டைகரைக் குளிப்பாட்டியவர்கள் பட்டையைக் கழற்றித் துணிக்கொடியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

"கழுத்து காலியா இருக்குடா! ஓடி வா, மீன்கடையில தலையெல்லாம் கொட்டியிருக்காங்க," என்றது தெருநாய் செவலை.

பாய்ந்து ஓடிய டைகர், செடியருகே சட்டென்று நின்றது. பிடரி சிலிர்த்தது. மூக்கு மட்டும் தெருப்பக்கம் நீண்டது.

"அதான் கொடியில தொங்குதே, இன்னும் என்னடா பயம்?"

டைகர் கொடியைப் பார்த்தது. தெருவைப் பார்த்தது. எச்சில் ஒழுகியது.

"கொஞ்சம் பொறு, செவலை. அதைத் திரும்ப மாட்டிவிடட்டும். அது கத்தலைன்னா உடனே வந்துடுறேன்."