நடுக்கூடத்துப் படக்கதைகள்

ஆணும் ஆணும் காதலிக்கும் படக்கதைகளை யார் படிக்கிறார்கள் என்று பேச்சு வந்தால், 'கல்லூரிப் பெண்கள்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நாற்பதைத் தொட்டவள், விவாகரத்தானவள், அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலைக்குப் போகிறவள், அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அவளைப் பார்க்க அன்று மாலை ஒருவர் வருவதாக இருந்தது. மனைவியை இழந்தவர், பொறியாளர், அதிர்ந்து பேசாதவர். இதைவிட நல்ல இடம் இனி அமையாது என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசல் மணி அடித்தது. கூடத்தைக் கடைசியாக ஒருமுறை நோட்டம் விட்ட அம்மாவுக்குப் பகீரென்றது.

மேசைமேல் மகளுடைய படக்கதைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலிருந்த அட்டையில் இரண்டு இளைஞர்கள், ஒரே குடைக்குள், மூக்கு உரச நின்றிருந்தார்கள்.

"ஐயையோ, இதை யாரு இங்க கொண்டுவந்து வெச்சது?"

"நான்தான் அத்தை" என்றாள் மருமகள், கதவைத் திறக்கப் போய்க்கொண்டே.

அதற்குமேல் என்ன செய்ய முடியும்? வந்தவர் அமர்ந்தார். கைக்கெட்டிய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. காது சிவந்தது.

"பிள்ளைங்க படிக்கிறதுங்களா?"

"இல்லைங்க, எங்க நாத்தனாரோடது" என்றாள் அண்ணி, டீயை நீட்டியபடி.

அண்ணன் மின்விசிறியை ஆராயத் தொடங்கினான்.

மாடிப்படியில் இறங்கி வந்தவள் மேசையைப் பார்த்ததும் ஒரு படியில் அப்படியே நின்றாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி டீ ஊற்றுவதிலேயே கண்ணாக இருந்தாள். வேறு வழியின்றி வந்து உட்கார்ந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. இதுல உங்களுக்கு அப்படி என்ன பிடிக்குது?" என்று கேட்டார் வந்தவர்.

"ரெண்டு பேருமே அழகா இருக்காங்க. அது முதல் காரணம்."

அண்ணனுக்குப் புரையேறியது.

"ரெண்டாவது, காதல் கதையில ஒரு பொண்ணு வந்தா நான் உடனே அவளுக்காகப் பயப்பட ஆரம்பிச்சிடறேன். வேலையை விடச் சொல்லுவானோ, கை நீட்டுவானோ, அவ போன்ல யார்கூடப் பேசினான்னு பார்ப்பானோன்னு. பக்கத்துக்குப் பக்கம் அவளுக்குக் காவல் நிக்கணும். எனக்கு அலுத்துப்போச்சுங்க. இதுல சண்டை வந்தாலும் ரெண்டு பேரும் சமமா நின்னு போடறாங்க. தொடறதுக்கு முன்னாடி, தொடட்டுமான்னு கேக்கறாங்க. நான் யாருக்கும் காவல் நிக்க வேண்டாம். சாஞ்சு உக்காந்து காதலை மட்டும் பார்க்கலாம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று.

ஆனால் வந்தவர் புன்னகைத்தார். "புரியுதுங்க. நான் ஒண்ணும் பழைய காலத்து ஆள் இல்லை. தாராளமாப் படிங்க. வேலைக்குக்கூடப் போகலாம், விடுவேன். இந்தப் புத்தகத்தை மட்டும் எங்கம்மா கண்ணுல படாம வெச்சுக்கங்க, போதும்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை!

"உங்கம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டாள் அவள்.

"என்கூடத்தான்."

அவள் சற்று யோசித்தாள்.

"அப்ப வேண்டாங்க. டீ ஆறுது, குடிங்க."

குடித்தார். மரியாதையாகவே விடைபெற்றார். கதவு சாத்தியதுதான் தாமதம், அம்மா மருமகள்மேல் பாய்ந்தாள்.

"இப்ப திருப்திதானே உனக்கு? அவ போயிட்டா உன் பிள்ளைங்களைப் பார்த்துக்க ஆள் இருக்காது. அதுக்காகத்தானே கூடத்துல கடை விரிச்சே?"

"உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?" என்று அண்ணனும் சேர்ந்துகொண்டான்.

அண்ணி கோப்பைகளைத் தட்டில் எடுத்து வைத்தாள். அவசரமே படவில்லை.

"முதல் கல்யாணத்தப்ப இந்தப் புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டோம், ஞாபகம் இருக்கா அத்தை? எல்லாரும் சேர்ந்துதான் போட்டோம். தெரியாம எடுத்துட்டுப் போன ஒண்ணு ரெண்டை, அந்த வீட்ல அவ குளியலறையைத் தாழ் போட்டுக்கிட்டு, குழாயைத் திறந்துவிட்டுப் படிச்சிருக்கா. அப்புறம் அடி வாங்கினப்பவும் அங்கயே போய்த்தான் அழுதிருக்கா. தண்ணிச் சத்தத்துல யாருக்கும் கேக்கலை. நமக்கும் கேக்கலை. ஒளிக்கக் கத்துக்குடுத்தது நாமதானே? இந்தத் தடவை எல்லாம் மேசைமேலேயே இருக்கட்டும்னு நினைச்சேன். யாரு வந்தாலும் பார்த்துட்டுப் பேசட்டும்."



அவள் எழுந்து வந்து அண்ணியின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? அடியில இருந்த புத்தகத்தோட அட்டையைப் பார்த்தீங்களா?"

"பார்த்ததாலதான்டி அடியில வெச்சேன். வந்த மனுஷனுக்கு ஏதாவது ஆயிட்டா யாரு பொறுப்பு?"

இருவரும் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த கோப்பைகள் கிடுகிடுத்தன. சிரித்து ஓய்ந்ததும் அவள் அண்ணியின் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். நன்றி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணியும் எதிர்பார்க்கவில்லை.

அவள் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த மாதமே கடைக்குப் பக்கத்தில் ஒரு தனி வீட்டுக்குக் குடிபோனாள். இன்றும் அங்கேதான், நன்றாக இருக்கிறாள். தன் இரண்டு பிள்ளைகளையும் கூடவே இழுத்துக்கொண்டு, தெருத்தெருவாக அலைந்து அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவள் அண்ணி.