கடல்தொட்டியில் பொரி

இதய அறுவைப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி. அதை வாராவாரம் வந்து பராமரிப்பவள் செண்பகவல்லி. பாதித் தண்ணீரை மாற்றினாள், வடிகட்டியைக் கழுவினாள், தீனியைக் குறைத்தாள். அப்படியும் சோதனைக் குழாயில், தீனி அழுகிச் சேரும் நைட்ரேட் நச்சு ரத்தச் சிவப்பாகவே காட்டியது. இரண்டு மீன்கள் செத்தும் போயின. எங்கிருந்துதான் வருகிறது? இன்று பாறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக என்னவோ கூழ். கையில் அள்ளி முகர்ந்தாள். பொரி! கோயில் குளத்து மீன்களுக்கு வேண்டிக்கொண்டு போடுகிற அதே பொரி.

"இதுலயா போடுறாங்க?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"உள்ள நெஞ்சைத் தொறந்து வச்சிருக்காங்க. வெளிய இருக்கறவங்க கை சும்மா இருக்குமா?"

மூடிக்கு ஒரு பூட்டு போட வேண்டியதுதான் என்று அவள் நினைக்கும்போதே முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். சட்டைப்பை புடைத்திருந்தது.

"காலைல என் வீட்டுக்காரிய உள்ள கொண்டுபோனப்ப ஒரு பிடி போட்டேம்மா. மீனு தின்னுச்சா?"

செண்பகவல்லி கையை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் வெள்ளையாய் வழிந்தது.