கால் கழுவும் ஞாயிறு

சபை வாசலில் அம்மா என் பாக்கெட்டைச் சோதித்தாள்.

பைக் சாவியை எடுத்துக்கொண்டாள். பேனாவை எடுத்துக்கொண்டாள். சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதையும் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"சீப்பால இன்னாம்மா பண்ண முடியும்?"

"உன்ன நம்ப முடியாது சாலமோனு. ஆண்டவர் சந்நிதியில அசிங்கம் பண்ணாத."

பிறகு என் வலது கையைப் பிடித்து விரித்தாள். கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள். ஒரு மாதமாக வளர்த்த நகம். கையை விட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

எங்கள் சபையில் அப்பமும் ரசமும் எடுக்கும் திருவிருந்துக்கு முன்னால் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். தாழ்மைக்காக. ஆனால் அழுக்குக் காலோடு யாரும் வருவதில்லை. எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். கழுவிய காலைத்தான் கழுவுவோம்.

ஆண்களுக்கு எதிரெதிராக இரண்டு பெஞ்சு. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கால் உங்களுக்கு. மாமனாருக்கு எதிரில் மாட்டக் கூடாது என்று நைசாக நகர்கிறவர்கள் உண்டு. அன்று நானும் நகர்ந்தேன். இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு போய்த் துரைக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

சபையில் பேச்சு நின்றது.

பக்கத்தில் இருந்த ஜெரோம் என் காதுக்குள் சொன்னான்: "பேஜாரு பண்ணாத மச்சான். பிரியாணி சொல்லிட்டோம்."

துரைதான் என் தம்பி ஜோஷ்வாவைக் கொன்றவன். கோவளம் கடற்கரையில் கிரிக்கெட். ரன் அவுட்டா இல்லையா என்று சண்டை. துரை அவன் கழுத்தை அக்குளில் வைத்து இறுக்கினான். விட்டபோது ஜோஷ்வாவுக்கு மூச்சு இல்லை. அவுட் இல்லை என்று பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஜெயிலில் துரை மனந்திரும்பி இரட்சிக்கப்பட்டான். வெளியே வந்ததும் நேராக எங்கள் சபைக்கே வந்தான். திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் வரை எத்தனையோ சபை இருக்கிறது. அவனுக்கு இதுதான் கிடைத்தது.

அன்றிலிருந்து பாஸ்டர் ஞானதாஸ் ஞாயிறுதோறும் மன்னிப்பைப் பற்றியே பிரசங்கிக்கிறார், என்னைப் பார்த்தபடி. அம்மா முதல் வாரமே மன்னித்துவிட்டாள். எழுந்து நின்று சத்தமாகச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் டீ குடிக்க வெளியே போனேன்.

கத்தியையும் யோசித்திருக்கிறேன். கத்தியை எடுத்தால் நானும் உள்ளே போவேன். நானும் இரட்சிக்கப்படுவேன். பிறகு இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட வேண்டும்.

பிளாஸ்டிக் பேசினோடு மண்டியிட்டேன்.

"நீ எதுக்குண்ணா? மொதல்ல நான் கழுவறேன்," என்றான் துரை.

"கால நீட்டு."

வலது காலை நீட்டினான். பவுடர் போட்டிருந்தான். தண்ணீர் மோர் மாதிரி ஆனது.

இடது கையால் அவன் கணுக்காலை இறுக்கிப் பிடித்தேன். வலது கட்டைவிரல் நகத்தை உள்ளங்காலின் குழிவில் வைத்து ஒரு இழு இழுத்தேன்.

துரை துள்ளினான். உதட்டைக் கடித்துக்கொண்டு தகரக் கூரையைப் பார்த்தான். "ஸ்தோத்திரம்," என்றான்.

இன்னொரு இழு.

வெடித்துவிட்டான். ஆறடி ஆள், மூன்று வயதுப் பிள்ளை மாதிரிக் கீச்சுக் கீச்சென்று சிரித்தான்.

பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். "ஆவியானவர் எறங்கிட்டாரு! அல்லேலூயா!"

டிரம்ஸ்காரர் அடிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பெஞ்சு முழுக்கத் தொற்றியது. ஜெரோம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். திரைக்குப் பின்னால் பெண்கள் என்னவென்றே தெரியாமல் சிரித்தார்கள்.

நான் நிறுத்தவில்லை. இதற்காகத்தான் வந்திருந்தேன். துரைக்குக் கண்ணில் வழிந்தது, மூக்கில் வழிந்தது. பெஞ்சிலிருந்து பாதி சரிந்துவிட்டான். ஒரு கட்டத்தில் சத்தம் நின்று வாய் மட்டும் திறந்திருந்தது.

"வுடுண்ணா," என்றான். "மூச்சு முட்டுது."

ஜோஷ்வா கடைசியாகச் சொன்னதும் அதுதான். கோர்ட்டில் சாட்சி சொன்ன பையன்கள் எல்லோரும் அதை ஒரே மாதிரி சொன்னார்கள். அவன் அண்ணா என்று சொல்லவில்லை, மச்சான் என்று சொல்லியிருந்தான்.

என் கை விட்டுவிட்டது. என்னைக் கேட்கவில்லை.

தான் சொன்னது துரையின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு தண்ணீரையே பார்த்தான். நான் துண்டை எடுத்து அந்தக் காலைத் துடைத்தேன், விரலிடுக்கு உட்பட. இன்னொரு காலைத் தொடவில்லை.

சபை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

பிரியாணி முடிந்து வெளியே வந்ததும் அம்மா சாவியையும் பேனாவையும் திருப்பிக் கொடுத்தாள். சீப்பைக் கொடுக்கவில்லை. பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஈசிஆர் சிக்னல் வரை திட்டு வரும் என்று முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"எந்தக் காலுடா?"

"வலது."

பச்சை விழுந்தது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

"தெருக்கொழாயாண்ட உன்ன, ஜோஷ்வாவ, துரைய, மூணு பேரையும் ஒண்ணா நிக்கவச்சு சோப்பு போட்டவ நானு," என்றாள் அம்மா. "அவனுக்குக் கூச்சம் எடது காலுலதான்டா."