முழங்காலில் விளைந்தவை

இன்றைக்கும் கேட்டால் சரியென்றுதான் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஸ்கேன் முடிந்து எழுந்த பரிமளா அப்படித்தான் நினைத்தாள். திரையில் அவளுடைய மூட்டுக்குள் குருத்தெலும்பு உருண்டைகள் ஜவ்வரிசி போல மிதந்தன.

"புற்று இல்லைங்க, அதே சாதாக் கட்டிகதான். நல்லா வெளைஞ்சிருக்கு," என்றார் டாக்டர்.

உருண்டைகளை எடுத்து மற்றவர்களின் தேய்ந்த மூட்டுகளுக்குப் பொருத்துவார்கள். அவை முளைக்கும் மூட்டுச் சவ்வை மட்டும் விட்டுவைப்பார்கள். அடுத்த ஆண்டும் விளையும். போன ஆண்டு விளைந்ததில் மாமியார் இப்போது மருதமலைப் படியேறுகிறார்.

"சவ்வையும் எடுத்துட்டா?" என்று கேட்டாள் பரிமளா.

"வலி நின்னுரும். அப்புறம் வெளையாது. விட்டுவச்சா உங்க மூட்டே தேஞ்சுரும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க டாக்டர்," என்றாள் கூட வந்திருந்த நாத்தனார் ரேணுகா. "அண்ணி, இந்த வெளைச்சல் எனக்கு. அடுத்தது என் பொண்ணு மலருக்கு. புள்ள மறுபடி வாலிபால் ஆடோணுமில்ல? வீட்டு வேலை பூரா நான் பாத்துக்கறேன், நீங்க காலை மட்டும் பாத்துக்கங்க."

வீட்டில் இப்போது யாரும் பரிமளாவிடம் தூங்கினாயா என்று கேட்பதில்லை. முட்டி எப்படியிருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். முதலில் அது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் இடம் கிடைத்ததே இந்தக் காலால்தான்.

ரேணுகா அவள் முழங்காலை மெல்லத் தடவினாள், கன்றீனப் போகும் பசுவைத் தடவுவதுபோல.

பரிமளா அந்தக் கையை எடுத்து ரேணுகாவின் மடியிலேயே வைத்தாள்.

"இந்த வெளைச்சலை நீ எடுத்துக்க, ரேணு," என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். "சவ்வையும் எடுத்துருங்க."