வளைவில் ஒரு கீச்சு

பட்டறை வாசலில் ஜெயமுருகனின் பழைய பைக் பின்சக்கரம் இல்லாமல் நிற்கிறது. மெக்கானிக் கோகுல்ராஜ் தேய்ந்து பளபளக்கும் பிரேக் ஷூவை உப்புத்தாளால் உரசுகிறான். கருந்தூள் மூடுபனியில் கலக்கிறது. “பிரேக்கு கொஞ்சம் கத்துனா கத்திட்டுப் போகட்டும்லே” என்கிறான் ஜெயமுருகன். “கூக்கால் எறக்கத்துல பிரேக் புடிக்கலன்னா நீதாம்லே கத்துவே” என்றபடி கோகுல்ராஜ் சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்குகிறான். ஜெயமுருகன் வளைவு வரை ஓட்டிப் பார்க்கிறான். கீழே பூண்டுக் காட்டில் வடிவு களையெடுக்கிறாள். இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வளைவில் ஹாரன் எல்லோரும் அடிப்பார்கள். இவன் பிரேக்கின் கீச்சுக்கு மட்டும்தான் அவள் தினமும் நிமிர்வாள். அவன் மிதிக்கிறான். வண்டி சத்தமில்லாமல் பூப்போல நிற்கிறது. வடிவு குனிந்தபடியே அடுத்த பாத்திக்கு நகர்கிறாள்.