கடைத்தெருவில் நடமாட்டம்

ஓர் ஊரின் மக்கள்தொகையை நிர்ணயிப்பவர்கள் கணக்கெடுக்க வரும் அரசாங்க ஊழியர்கள் என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. எங்கள் சிறு நகரத்தில் அதை நிர்ணயித்தவர் தையல்காரர்.

"கடைத்தெரு காத்தாடினா யாருண்ணே குடிவருவாங்க? ஊர் பாக்க ஒரு குடும்பம் வருது; அவங்க வர்றப்போ சும்மா குறுக்கும் நெடுக்கும் நடங்க, போதும்" என்று அவரிடம் கெஞ்சியவர் நகராட்சியின் விளம்பர அதிகாரியம்மா. இன்னும் இரண்டு பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. ஊர் பார்க்க வருகிற குடும்பத்திலோ இரட்டைக் குழந்தைகள்.

ஞாயிறு காலை. பல் டாக்டரும் அவருடைய கணவர் ஆடிட்டரும் காரைவிட்டு இறங்கினார்கள்.

"எவ்வளவு கலகலப்பு, பாத்தீங்களா சார்!" என்றார் அதிகாரி.

ஒரு நீலச் சட்டை கடந்து போனது. பிறகு கட்டம் போட்டது. பிறகு பூப்போட்டது. எல்லாம் வாடிக்கையாளர்கள் தைக்கக் கொடுத்தவை. நான்காவது சட்டைக்கு ஒரு கைதான் இருந்தது.

"ஏங்க, நில்லுங்க" என்றார் ஆடிட்டர். "நீங்க இதோட நாலாவது தடவை."

"நானா? அது என் தம்பியா இருக்கும் சார்."

"தம்பி கழுத்துலயும் இதே இஞ்ச் டேப்பா?"

தையல்காரர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதிகாரிக்கு முகம் வெளிறிவிட்டது.

"நான் ஆடிட்டர்மா" என்று அதிகாரியிடம் எகிறினார் ஆடிட்டர். "ஒரே ஆளை நாலு பேரா காட்டினா அதுக்குப் பேரு மோசடி. பொய் சொல்ற ஊர்ல நான் குடியிருக்க மாட்டேன்." மனைவி பக்கம் திரும்பினார். "வண்டியில ஏறு."

டாக்டர் ஏறவில்லை. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"எட்டு வருஷமா அடுக்குமாடியில இருக்கோமே, எதிர்வீட்டுக்காரர் நமக்காக ஒரு தடவையாவது நடந்திருக்காரா?"

ஆடிட்டர் கார்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணே, அந்த இன்னொரு கையையும் வச்சுத் தச்சிடுங்க. யாரோடதோ, பாவம்" என்றார் டாக்டர்.

பள்ளி திறந்தது. இரட்டையர் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த மாதம் ஓர் எலெக்ட்ரீஷியன் மனைவி மக்களோடு ஊர் பார்க்க வந்தார். ஆடிட்டர் கடைத்தெருவை ஐந்து முறை கடந்தார். ஐந்தாவது முறை, மனைவியின் வெள்ளைக் கோட்டில்.